மலையடிச் சிற்றூரும் நடுகற்களும்

திருவண்ணாமலைக்கு மேற்கே, சவ்வாது மலையின் அடிவாரப் பகுதியில் அமைந்துள்ளது செங்கம். சங்க காலத்தில் செங்கண்மா எனப் பெயர் பெற்றிருந்த இவ்வூர், நன்னன் சேய் நன்னனின் தலைநகராக விளங்கியது. அவனிடம் பரிசில் பெற்ற கூத்தன் ஒருவன், வறுமையுற்று எதிர்வரும் கூத்தரை ஆற்றுப்படுத்துவதாகப் பெருங்கௌசிகனார் பாடிய நூலே மலைபடுகடாம். 583 அடிகளைக் கொண்ட இந்நூல் கூத்தராற்றுப்படை எனவும் வழங்கப்படும்.

விருந்தும் விழிப்பும்

மலைவழிச் செல்வோர் அறிய வேண்டியவற்றை இந்நூல் முறையாக எடுத்துரைக்கிறது. தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த பொறிகளுக்கு விலகிச் செல்ல வேண்டும். பாம்பு உறையும் குழிகளைக் கண்டு நடக்க வேண்டும். வழுக்கு நிலத்தில் ஒருவரையொருவர் காத்துக் கடக்க வேண்டும். இவ்வாறு சிற்றூரை அடைந்து, நன்னனின் கூத்தர் எனக் கூறினால் போதும்; தம் இல்லம்போல் தயங்காது உள்ளே புகலாம். ஊரார் உறவினர்போல் இன்சொல் கூறி, நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் அளிப்பர்.

விருந்தினர் கடமை

விருந்தினர்க்கும் ஒரு கடமை உண்டு. கவர்த்த வழிகளில், போரில் வீழ்ந்தோர்க்கு எடுத்த நடுகற்கள் நிற்கும். அவற்றின்முன் யாழ் இசைத்துச் செல்லுமாறு கூத்தன் அறிவுறுத்துகிறான். ஓர் ஊரின் விருந்தை ஏற்பவர், அவ்வூரைக் காத்தவரையும் மதிக்க வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

கல் சொல்லும் வரலாறு

நடுகல் மரபு பல்லவர் காலத்திலும் இப்பகுதியில் தழைத்திருந்தது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூல் இதற்குச் சான்றாகும். எடுத்தனூரில் உள்ள நடுகல், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எருமைகளைக் காத்து உயிர்நீத்த கருந்தேவகத்தி என்னும் வீரனைக் குறிக்கிறது. அவனருகே ஒரு நாயின் உருவமும் உள்ளது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என வட்டெழுத்துப் பொறிப்பு கூறுகிறது.

பெருங்கோயில் கல்வெட்டுகளில் வேந்தரின் கொடைகள் மிகுதியாக இடம்பெறுகின்றன. கால்நடை காத்த எளியவனையும் அவனது நாயையும் நினைவில் வைத்திருப்பது வயலோரத்து ஒற்றைக் கல்லே. இப்பகுதி மக்கள் இத்தகைய கற்களை வேடியப்பன் என வழிபட்டு வருவதால் அவற்றுள் பல இன்றளவும் நிலைத்துள்ளன. அக்கல் பெயர்க்கப்பட்டால் அவ்வீரனின் வரலாறும் உடன் அழியும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர்ப்புறத்தில் உள்ள நடுகல் ஒன்றின் அமைவிடம், உருவம், வழிபாடு ஆகியவற்றைப் பெரியோரிடம் கேட்டறிந்து எழுதுக.