ஃப்ளூ ஊசியும் வீட்டு மாத்திரையும்



நம்மில் பலர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். தறியில் உட்காரும் தாத்தாவுக்குச் சுகர், பாட்டிக்கு ஆஸ்துமா என்று மாத்திரை டப்பா இல்லாத வீடு ஆரணியில் குறைவு. "மாத்திரை சாப்பிடறவங்க ஃப்ளூ ஊசி போடக்கூடாதாமே?" என்று எங்கள் தெருவில் என்னைக் கேட்பார்கள். டிப்ளமோ படிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும்னு நினைப்பு! அதற்காகவே படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

2009-ல் பன்றிக்காய்ச்சல் பரவியது. மறு வருடமே நம் நாட்டில் இரண்டு வகைத் தடுப்பு மருந்துகள் தயாராயின. சைடஸ் காடிலாவின் 'வாக்சிஃப்ளூ-எஸ்' ஊசியில் இருந்தது செத்த கிருமி. புனே சீரம் இன்ஸ்டிடியூட்டின் 'நாசோவாக்' மூக்கில் விடுவது. அதில் வலுவிழந்த உயிர்க்கிருமி. இந்த வித்தியாசம் புரிந்தால் மற்றதெல்லாம் சுலபம்.

1. சுகர், பிரஷர் மாத்திரைகள் ஊசிக்குத் தடையில்லை. சுகர், ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்களை ஃப்ளூ கடுமையாகத் தாக்கும். அவர்களுக்குத்தான் ஊசி முக்கியமாகத் தேவை.

2. ஸ்டீராய்டு மாத்திரையை அதிக அளவில் பல வாரம் சாப்பிடுவோருக்கும், புற்றுநோய் மருந்து எடுப்போருக்கும் ஊசி போடலாம், பலன் குறையலாம். எப்போது போடுவது என்று டாக்டர் சொல்வார். மூக்கு மருந்து இவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது.

3. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மெல்லிய ஊசியால் போட்டு, இரண்டு நிமிடம் தேய்க்காமல் அழுத்திப் பிடித்தால் போதும்.

4. ஆஸ்பிரின் தொடர்ந்து சாப்பிடும் சிறுவர்களுக்கு மூக்கு மருந்து கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் 'ரை' நோய் வரும் அபாயம் உண்டு.

5. ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரை உயிர்க்கிருமியை அடக்கிவிடும். மூக்கு மருந்து வீணாகும். ஊசிக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

கடும் காய்ச்சல் இருந்தால் குணமான பிறகு போடலாம். முன்பு இதே ஊசியால் மூச்சுத்திணறலோ, ஆறு வாரத்துக்குள் கைகால் தளரும் கில்லன்-பாரே நோயோ வந்திருந்தால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

ஊசியின் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும். ஆகவே ஐப்பசி மழைக்கு முன்பே போடுவது நல்லது. வருடா வருடம் போட வேண்டும்.

நண்பர்களே! ஊசி போடப் போகும்போது வீட்டிலுள்ள மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். ஊசிக்காக எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை எடுத்துச் சொல்வது படிக்கிற நம் கடமையல்லவா!