உத்தரவும் சட்டமும்

அன்புள்ள கயல்விழிக்கு,

“அரசு போடுகிற உத்தரவுதானே மாமா சட்டம்? அதற்கு எதற்குத் தனியாக ஒரு தத்துவப் பாடம்?” என்று கேட்டிருந்தாய். உன் கட்சியில் பெரிய ஆள் ஒருவர் இருக்கிறார். இறையாண்மை உள்ளவர் இடும் கட்டளையும் மீறினால் வரும் தண்டனையும் சேர்ந்ததே சட்டம் என்று 1832-இல் ஜான் ஆஸ்டின் எழுதினார்.

எச்.எல்.ஏ. ஹார்ட் 1961-இல் அதை மறுத்தார். துப்பாக்கியை நீட்டிப் பணம் பறிப்பவனும் கட்டளைதான் இடுகிறான். பயந்து கொடுக்கிறோம், ஆனால் கொடுப்பது நம் கடமை என்று யாரும் சொல்வதில்லை. கட்டளையிடுகிறவரின் அதிகாரத்துக்கே ஒரு விதி ஆதாரமாக இருந்தால்தான் அது சட்ட அமைப்பு.

இதை ஏட்டுச் சண்டை என்று தள்ளிவிடாதே. நெருக்கடி நிலையின்போது, அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு உள்ளிட்ட உரிமைகளுக்காக நீதிமன்றம் போவதைக் குடியரசுத் தலைவரின் ஆணை தடுத்தது. மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் அடைக்கப்பட்டவர்களின் ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கூறின. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதுதான் ஜபல்பூர் வழக்கு.

சொந்தப் பகைக்காகக் காவலர் ஒருவர் யாரையாவது கொன்றால் என்ன பரிகாரம் என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை நீதிமன்றத்தில் பரிகாரம் இல்லை என்றார் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே. 1976 ஏப்ரல் 28 அன்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் அரசின் வாதத்தை ஏற்றார்கள். கன்னா மட்டும் மறுத்தார். 21-ஆவது பிரிவே இல்லாவிட்டாலும், சட்டத்தின் அதிகாரமின்றி ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்க அரசுக்கு உரிமை கிடையாது என்பது அவர் நிலை.

1977-இல் பணிமூப்பில் அவருக்குப் பின்னால் இருந்தவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார்; கன்னா பதவி விலகினார். நெருக்கடி நிலையிலும் 20, 21 பிரிவுகளை முடக்க முடியாதபடி 1978-இல் 44-ஆவது திருத்தம் வந்தது. ஜபல்பூர் தீர்ப்பை 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றமே தவறென்று ஒதுக்கியது.

கன்னாவைப் படித்துக் கைதட்டுவது எளிது. நீ முதலில் மற்ற நால்வரையும் படி. அவர்கள் சட்டம் தெரியாதவர்கள் அல்ல. ஆணையின் வாசகத்தைக் கவனமாகவே படித்தார்கள். அந்த ஆணையோடு சட்டம் முடிந்துவிட்டதாக அவர்கள் எந்த வரியில் எடுத்துக்கொள்கிறார்கள் என்று கண்டுபிடித்து எழுது. உன் கேள்விக்கு விடை அந்த வரியில் இருக்கிறது.

அன்புடன்,
மாமா