மானுடவியல் படித்தால் சம்பளம் உண்டா?

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. விலங்கியல் இறுதியாண்டு படிக்கிறாள். அடுத்து எம்.ஏ. மானுடவியல்தான் என்று பிடிவாதமாக நிற்கிறாள். விலங்கியலிலேயே மேற்படிப்பும் பி.எட்.டும் முடித்தால் வாத்தியார் வேலையாவது கிடைக்கும் என்கிறார் என் கணவர். சின்னதாக ஒரு கடை வைத்துப் பிழைக்கிறோம். இந்தப் படிப்பை நம்பி அனுப்பலாமா?
– வாசகி, தென்காசி

பதில்: அனுப்பலாம் அம்மா. ஆனால் உங்கள் கணவரின் பயம் நியாயமானது. விலங்கியல் பள்ளியிலும் இருக்கிறது, பெரும்பாலான அரசுக் கலைக் கல்லூரிகளிலும் இருக்கிறது. மானுடவியல் நம் பள்ளிகளில் பாடமே இல்லை. தனித் துறை என்று பார்த்தால் சென்னைப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போல ஒரு சில இடங்கள்தான். ஆகவே ஆசிரியர் பணி என்ற வாசல் இதில் மிகக் குறுகல். 1945-இல் தொடங்கி கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மானுடவியல் ஆய்வகத்துக்கு மைசூரு, ஸ்ரீ விஜயபுரம் (பழைய பெயர் போர்ட் பிளேர்) முதலிய ஊர்களில் மையங்கள் உண்டு. அங்கும் பணியிடங்கள் குறைவு, அறிவிப்பும் அடிக்கடி வராது.

அப்படியானால் காசு எங்கிருந்து வருகிறது? மக்களோடு தங்கி, கேட்டு, கவனித்து, அதைத் தெளிவான அறிக்கையாக எழுதத் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது. காசநோயையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான சிகிச்சை 6 மாதம். இரண்டாம் மாதமே இருமல் நின்றுவிடுகிறது, உடம்பு தேறிவிடுகிறது. மருந்து வாங்கப் போனால் ஒரு நாள் கூலி போகும். பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்ற பயம் வேறு. நோயாளி மாத்திரையை நிறுத்திவிடுகிறார். ‘ஏன் நிறுத்தினீர்கள்?’ என்று படிவத்தை நீட்டினால் ‘மறந்துவிட்டேன்’ என்று எழுதிக் கொடுத்துவிடுவார். திண்ணையில் உட்கார்ந்து நாலு நாள் பேசினால்தான் உண்மை வெளியே வரும். சுகாதாரத் திட்டங்களும் ஆய்வு நிறுவனங்களும் இந்தத் திறமைக்குச் சம்பளம் கொடுக்கின்றன. 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம், நிலத்தை எடுக்குமுன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்யச் சொல்கிறது. அதற்கும் களம் தெரிந்த ஆள் வேண்டும்.

தனியார் நிறுவனங்களிலும் இடம் உண்டு. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1980-களில் லூசி சச்மன் என்ற மானுடவியலாளர், மக்கள் நகல் இயந்திரத்தோடு எப்படித் திணறுகிறார்கள் என்று கவனித்து ஆராய்ந்தார். இன்டெல் 1998-இல் ஜெனிவீவ் பெல்லை வேலைக்கு எடுத்தது. இன்று பெங்களூரு, சென்னை மென்பொருள் நிறுவனங்களில் ‘யூசர் ரிசர்ச்’ என்று நடப்பது இந்த வழியில் வந்ததுதான். உலக வங்கித் தலைவராக இருந்த ஜிம் யோங் கிம்கூட மானுடவியலில் முனைவர் பட்டம் பெற்றவர் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். அவர் மருத்துவரும்கூட என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

‘மானுடவியலாளர் தேவை’ என்று விளம்பரம் வருவது அரிது. கள ஆய்வாளர், ஆராய்ச்சி உதவியாளர், திட்ட மதிப்பீட்டு அலுவலர் என்றுதான் வரும். பெரும்பாலும் ஒப்பந்த வேலை. திட்டம் முடிந்தால் சம்பளமும் நின்றுவிடும். முதல் சில வருடங்கள் இழுபறியாகத்தான் இருக்கும். இதை மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பல்கலைக்கழகத் துறையில் கட்டணம் குறைவு என்பதால், போனால் போவது இரண்டு வருடச் சம்பாத்தியம்தான். தலையில் கடன் ஏறாது. அந்த இரண்டு வருடத்தில் அவள் புள்ளியியல் மென்பொருள் ஒன்றில் கைதேற வேண்டும், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதப் பழக வேண்டும். விலங்கியல் படித்தது வீணாகாது. உடல்சார் மானுடவியல், மரபியல், பொது சுகாதாரம் பக்கம் போனால் அது அவளுக்குப் பெரிய பலம். எம்.ஏ. இறுதியாண்டிலேயே, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வை எழுதட்டும். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்து முனைவர் பட்டத்தில் சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. ஒன்றும் சரிவராவிட்டால் விலங்கியல் பட்டத்தை வைத்துப் பி.எட். சேரும் வழி அப்படியேதான் இருக்கும்.

ஐ.ஏ.எஸ்.ஸுக்கு உதவும் என்பதற்காக மட்டும் சேர்க்க வேண்டாம். மானுடவியலை விருப்பப் பாடமாக எடுக்க அதில் பட்டமே தேவையில்லை. எந்தப் பட்டதாரியும் எடுக்கலாம்.

கேள்வி: லண்டனில் ஓராண்டு எம்.ஏ. மானுடவியலுக்கு இடம் கிடைத்திருக்கிறது. 30 லட்சம் கல்விக் கடன் வாங்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம் தம்பி. 11 சதவீத வட்டியில் 10 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 41,000 ரூபாய். மேலே சொன்ன ஜே.ஆர்.எஃப்.பின் முதல் இரண்டு ஆண்டுத் தொகையைவிட அதிகம். படித்துத் திரும்பியதும் நல்ல களப்பணி வேலை ஒன்று தேடி வந்தாலும், தவணைக்குப் பயந்து அதை விட்டுவிட்டுக் கிடைத்த வேலையில் உட்கார வேண்டியிருக்கும். லண்டன் ஆசையை விட வேண்டியதில்லை, வரிசையை மாற்றுங்கள். முதுகலையை இங்கேயே முடித்து, இரண்டு ஆண்டு ஏதாவது ஒரு திட்டத்தில் வேலை பாருங்கள். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு அந்த இரண்டு ஆண்டு அனுபவத்தைத்தான் கேட்கிறார்கள். தேர்வானால் கட்டணத்தோடு தங்கும் செலவுக்கும் பணம் தருவார்கள்.