இடிபாட்டை என்ன செய்வது?

கேள்வி:

சைதாப்பேட்டையில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. முன்பகுதி தாத்தா காலத்தில் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியது. மேலே மெட்ராஸ் டெரஸ். பின்பகுதியை 1987-ல் அப்பா கான்கிரீட் தளம் போட்டுச் சேர்த்தார். கொல்லைப்புறத்தில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். மொத்தம் 1,400 சதுர அடி, தரைத்தளம் மட்டும். இதை இடித்துவிட்டு இரண்டு மாடி வீடு கட்டப் போகிறோம். இடிக்கும் கான்ட்ராக்டர், "ஜே.சி.பி. விட்டா ரெண்டே நாள் சார், ரப்பீஸ் எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்கிறார். எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். மேஸ்திரியோ, பழைய கான்கிரீட்டை உடைத்துப் புது வீட்டுக்கே ஜல்லியாகப் போட்டுக்கொள்ளலாம், செலவு மிச்சம் என்கிறார். அம்மாவுக்கு அந்த வீட்டுச் செங்கல் கொஞ்சமாவது புது வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆசை. எதை மறுபடி பயன்படுத்தலாம், எதைக் கூடாது? மீதியை யாரிடம் ஒப்படைப்பது? சட்டம் என்ன சொல்கிறது?

– ஒரு வாசகர், சென்னை

பதில்:

உங்கள் அம்மாவின் ஆசை தாராளமாக நிறைவேறும். மேஸ்திரியின் யோசனையில் பாதியை எடுத்துக்கொள்ளலாம். கான்ட்ராக்டரின் இரண்டு நாள் திட்டத்துக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

முதலில் அளவைப் பார்ப்போம். ஒரு நிரந்தரக் கட்டடத்தை இடித்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோ கழிவு வரும் என்று மத்திய அரசின் டைஃபாக் அமைப்பு 2001-ல் கணக்கிட்டது. உங்கள் வீடு 130 சதுர மீட்டர். அந்தக் கணக்கில் 65 டன். சுண்ணாம்புச் சுவர்கள் தடிமனானவை என்பதால் கொஞ்சம் கூடவே வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு டிப்பர் லோடு. இதை ஜே.சி.பி. வைத்து இரண்டு நாளில் தள்ளினால் செங்கல், கான்கிரீட், மரம், ஒயர், குளியலறை டைல்ஸ், ஆஸ்பெஸ்டாஸ் எல்லாம் ஒரே குவியலாகிவிடும். அந்தக் குவியலை யாராலும் லாபகரமாகப் பிரிக்க முடியாது. இதே 65 டன்னை வகை வகையாக இறக்கினால் பெரும்பகுதி மறுபடியும் கட்டுமானப் பொருள். இடிபாடு குப்பையா சரக்கா என்பது இடிக்கும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. எவ்வளவு நல்ல மறுசுழற்சி ஆலை இருந்தாலும், கலந்து வந்த லோடில் அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது.

இந்த விஷயத்தில் உங்கள் தாத்தா கட்டிய பகுதிதான் உங்களுக்குப் பெரிய சொத்து. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல்லை எடுத்து, சின்னச் சுத்தியலால் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் சாந்து பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும். செங்கல் முழுசாகக் கைக்கு வரும். சிமென்ட் சாந்து அப்படி விடாது. அது செங்கல்லைவிடக் கெட்டியாகப் பிடித்திருக்கும். தட்டினால் செங்கல்லின் முகம்தான் பெயர்ந்து வரும். பழைய வீடுகள் இடிபடும் இடங்களில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து செங்கல் கொத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் ஒதுக்கி வைக்கும் அடுக்கைக் கவனித்தால் சுண்ணாம்புக் கட்டு எது, சிமென்ட் கட்டு எது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். உங்கள் முன்பகுதிச் செங்கல்லைக் கையால் பிரித்து எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு செங்கல்லை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீர் என்ற சத்தம் வந்தால் நல்ல கல். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுங்கள். வெள்ளையாக உப்புப் பூத்தால் அந்தக் கல்லை ஒதுக்கிவிடுங்கள். தேறியவற்றைக் காம்பவுண்டுச் சுவருக்கோ, பாரம் தாங்காத உட்சுவருக்கோ வைக்கலாம். பூசாமல் அப்படியே தெரிய விட்டால் அம்மாவுக்கும் திருப்தி.

மெட்ராஸ் டெரஸை மேலிருந்து கீழாகப் பிரிக்க வேண்டும். மேலே தட்டோடு, அதன் கீழே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து போட்ட தளம், அதன் கீழே குத்துக்கல்லாக அடுக்கிய மெல்லிய செங்கல், எல்லாவற்றையும் தாங்கும் தேக்குக் கட்டைகள். ஜே.சி.பி.யின் கை பட்டால் தேக்கு பிளந்துவிடும். முழுசாக இறக்கினால் அதுவே வீட்டின் விலையுயர்ந்த பொருள். ஆணிகளைப் பிடுங்கிவிட்டு உங்கள் தச்சரிடம் காட்டுங்கள். நிலை, கதவு, ஜன்னல் சட்டம் எதற்காவது நிச்சயம் ஆகும்.

அந்தத் தளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உடைந்த செங்கல்லை ஜல்லியாக்கி, நீற்றிய சுண்ணாம்போடு கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கிய தளம் அது. மொட்டைமாடியில் வெயிலும் மழையும் உள்ளே இறங்காமல் காத்தது. உடைசலை வீணாக்காமல் கட்டடத்துக்குள்ளேயே திருப்பிப் போடும் வழக்கம் நம் கொத்தனார்களிடம் நெடுங்காலமாக இருந்தது. புது வீட்டு மாடியிலும் செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம் போட முடியும். முழுசாகத் தேறாத செங்கல்லை 20 மி.மீ. அளவுக்கு உடைத்து அதற்கு ஒதுக்குங்கள். இந்த வேலை தெரிந்த ஆட்கள் குறைந்து வருகிறார்கள் என்பது எனக்கு உண்மையான வருத்தம். கிடைத்தால் விடாதீர்கள்.

இனி மேஸ்திரியின் யோசனை. கான்கிரீட்டை உடைத்தால் வரும் ஜல்லியின்மேல் பழைய சிமென்ட் சாந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சாந்தில் நுண்துளைகள் அதிகம். ஆகவே அது தண்ணீரை உறிஞ்சும். கருங்கல் ஜல்லி தன் எடையில் 1 சதவீதம் அளவுக்குத்தான் தண்ணீர் குடிக்கும். இது அதைப்போலப் பல மடங்கு குடிக்கும். முன்கூட்டி நனைக்காமல் கலவையில் கொட்டினால் சிமென்ட்டுக்குச் சேரவேண்டிய தண்ணீரை ஜல்லி எடுத்துக்கொள்ளும். கலவை இறுகிப்போகும், தளத்தில் வேலைசெய்பவர் உடனே ஒரு குடம் தண்ணீரை ஊற்றுவார், கான்கிரீட்டின் பலம் அங்கேயே போய்விடும்.

இப்படிப்பட்ட ஜல்லியைப் பயன்படுத்தவே கூடாதா என்றால், கூடும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 383 தரக்குறியீடு 2016-ல் திருத்தப்பட்டபோது இதற்கு வழிவிட்டது. கான்கிரீட்டை உடைத்துத் தயாரித்த ஜல்லியை, கம்பி போட்ட கான்கிரீட்டில் எம்-25 தரம் வரை 20 சதவீதமும், கம்பி போடாத கான்கிரீட்டில் 25 சதவீதமும் சேர்க்கலாம். எம்-15-க்குக் கீழான மெலிந்த கான்கிரீட்டில் முழுவதுமே அதுவாக இருக்கலாம். செங்கல், டைல்ஸ், சாந்து கலந்த உடைசல் என்றால் அந்த மெலிந்த கான்கிரீட்டில் மட்டும்தான் அனுமதி. இதெல்லாம் ஆலையில் உடைத்து, சலித்து, சோதித்த ஜல்லிக்குச் சொன்னது. சம்மட்டியால் உடைத்துச் சல்லடை காணாத துண்டுகளுக்கு இது பொருந்தாது.

உங்கள் 1987 தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது வீடுகளுக்கு 1:2:4 கலவை, அதாவது எம்-15 அளவுதான் வழக்கம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சம் எம்-20 என்று 2000-ல் வந்த ஐ.எஸ். 456 உயர்த்தியது. ஆகவே மேஸ்திரியிடம் இப்படிச் சொல்லுங்கள்: பில்லர், பீம், தளம், அஸ்திவாரக் கான்கிரீட் எதிலும் பழைய துண்டு ஒன்றுகூட விழக்கூடாது. தரைக்கு அடியில் பேஸ்மென்ட் நிரப்ப எடுத்துக்கொள்ளலாம். கார் நிறுத்தும் இடத்துக்கும் நடைபாதைக்கும் அடியில் போடலாம். நிரப்பும்போது முக்கால் அடிக்கு மேற்படாத அடுக்குகளாகப் போட்டு, தண்ணீர் விட்டு, ஒவ்வொரு அடுக்கையும் இயந்திரத்தால் இடித்து இறுக்க வேண்டும். அதில் ஒரு மரத்துண்டுகூட இருக்கக் கூடாது. தரைக்கு அடியில் புதைந்த மரம் கரையானுக்கு வைத்த விருந்து. ஐந்தாறு வருடம் கழித்துப் புது நிலையில் புற்று ஏறும். பி.ஓ.பி., ஜிப்சம் துண்டுகளும் ஆகாது. அவற்றில் உள்ள சல்ஃபேட் ஈரத்தோடு சேர்ந்து சிமென்ட்டை உப்பவைத்து வெடிக்கச் செய்யும்.

கம்பி விஷயத்திலும் கண்டிப்பு வேண்டும். அந்தத் தளத்தில் முறுக்குக் கம்பி இருக்கும். அதை நிமிர்த்தி ரிங்கு வளைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வளைத்து நிமிர்த்திய கம்பி அடுத்த வளைவில் முறியக்கூடும். பழைய இரும்புக் கடைக்கு அனுப்புங்கள். உருக்கிப் புதுக் கம்பியாகட்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டை எல்லாவற்றுக்கும் முன்னால் தனியாக இறக்க வேண்டும். தண்ணீர் தெளித்து நனைத்து, கொக்கி போல்ட்டைக் கழற்றி, முழுத் தகடாக இறக்கி, கனமான பிளாஸ்டிக்கில் சுற்றித் தனியே வையுங்கள். உடைத்தால் பறக்கும் நார் நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. அதை எந்த நிரப்பு வேலையிலும் சேர்க்காதீர்கள்.

தொழிலாளர்களைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. சுவர் இடிக்கும்போது கிளம்பும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நாள்தோறும் அதைச் சுவாசிப்பவருக்கு வரும் சிலிக்கோசிஸ் நோய்க்குக் குணம் கிடையாது. ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துக்கொண்டே இடிக்க வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு இந்தத் தூசியைத் தடுக்காது. என்-95 முகக்கவசம் நீங்களே வாங்கிக் கொடுங்கள். கீழே அடியறுத்துச் சுவரை மொத்தமாகச் சாய்க்கும் பழக்கம் பல உயிர்களைப் பறித்திருக்கிறது. மேலிருந்து வரிசை வரிசையாகத்தான் இறக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

சட்டத்துக்கு வருகிறேன். கட்டுமான, இடிபாட்டுக் கழிவுகளுக்கென்று மத்திய அரசு 2016-ல் தனி விதிகளை அறிவித்தது. கழிவை உண்டாக்குபவரே அதைப் பிரித்துவைத்து, உரிய இடத்தில் ஒப்படைக்கவேண்டும். தெருவிலோ வடிகாலிலோ கொட்டக் கூடாது என்பது அதன் அடிப்படை. ஒரே நாளில் 20 டன், அல்லது ஒரு வேலையில் மாதம் 300 டன் வந்தால், இடிக்கும் முன்பே உள்ளாட்சியிடம் கழிவு மேலாண்மைத் திட்டம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்றும் அது சொன்னது. உங்கள் 65 டன்னை ஜே.சி.பி. இரண்டு நாளில் தள்ளினால், தனி வீடாக இருந்தும் இந்த வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். 2025-ல் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டு, 2026 ஏப்ரல் 1 அவை நடைமுறைக்கு வரும் நாளாகக் குறிக்கப்பட்டது. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்பு உள்ள திட்டங்களுக்கு மறுசுழற்சி இலக்கு வைப்பது அவற்றின் முக்கிய அம்சம். உங்கள் வீடு அந்த இலக்குக்குள் வராது.

மீதியை ஒப்படைக்க வழி இருக்கிறது. சென்னை மாநகராட்சிக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 400 டன் கையாளும் இடிபாட்டு மறுசுழற்சி ஆலைகள் உண்டு. இடிக்கத் தேதி குறிக்கும் முன்பே 1913-க்குப் போன் செய்யுங்கள், அல்லது வார்டு அலுவலகத்துக்கு நேரில் போய் உங்கள் பகுதிக்கான சேகரிப்பு இடத்தையும் கட்டணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆலையில் காந்தம் கம்பியைப் பிரிக்கும். ஆட்கள் மரத்தையும் பிளாஸ்டிக்கையும் பொறுக்குவார்கள். உடைப்பான் உடைக்க, சல்லடைகள் அளவுவாரியாகப் பிரிக்கும். அங்கிருந்து சாலையின் அடித்தளத்துக்கான ஜல்லியும், பேவர் பிளாக்கும், கெர்ப் கல்லும் வெளியே வரும். டெல்லி புராரியில் 2009-ல் தொடங்கிய நாட்டின் முதல் ஆலை இதை நடத்திக்காட்டியிருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் கூடுதல் கட்டடத்திலேயே இடிபாட்டிலிருந்து செய்த பிளாக்குகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. 2022 ஆகஸ்ட் 28 அன்று நொய்டாவில் இரட்டைக் கோபுரங்களை வெடிவைத்துத் தகர்த்தபோது சுமார் 80,000 டன் இடிபாடு குவிந்தது. அதில் ஒரு பகுதி அங்கேயே பள்ளம் நிரப்பவும், ஒரு பகுதி அந்நகரின் மறுசுழற்சி ஆலைக்கும் போனது. அவ்வளவு பெரிய மலைக்கு வழி கண்டவர்கள் இருக்கும்போது உங்கள் ஏழெட்டு லோடு பெரிய காரியமே அல்ல.

கான்ட்ராக்டர் ஏன் பேச்சை மாற்றுகிறார் என்று உங்களுக்கே புரிந்திருக்கும். சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரை பக்கத்திலேயே இருக்கிறது. கொஞ்சம் தள்ளிப் போனால் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை அந்தச் சதுப்பில் தங்கித்தான் ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கி வடிகிறது. 2022-ல் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட அந்த நிலத்தில் இரவோடு இரவாக ஒரு லோடு கொட்டினால், அத்தனை தண்ணீருக்கு அங்கே இடம் போகும். அது அடுத்த மழையில் யார் வீட்டுக்குள் போகும் என்பது தென்சென்னைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆற்றில் கொட்டுபவருக்கு டீசலும் மிச்சம், கட்டணமும் மிச்சம். நம் ஊரில் இந்தக் குற்றம் நிற்காததற்கு அதுதான் காரணம். அதைத் தடுக்கும் அதிகாரம், பணம் கொடுக்கும் உங்கள் கையிலும் இருக்கிறது.

ஆகவே இரண்டு நாள் பேச்சை விட்டுவிட்டு, பத்துப் பன்னிரண்டு நாள் கையால் பிரிக்கும் வேலையாகப் பேசுங்கள். தேக்கு, செங்கல், கம்பி ஆகியவற்றின் மதிப்பைக் கூலியில் கழித்துக்கொள்ளச் சொன்னால் செலவு நீங்கள் பயப்படும் அளவுக்கு ஏறாது. எந்தெந்தப் பொருள் யாருக்கு, மீதி எந்த ஆலைக்கு என்பதை முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒவ்வொரு லோடுக்கும் வண்டி எண்ணோடு ஆலையின் எடைச்சீட்டு வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருக்கட்டும். எல்லாச் சீட்டும் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.