பிண்ணாக்கு உண்ணும் மீன்கள்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூர் இன்று தொழிற்சாலைகளின் நடுவே அமைந்த ஊர். ஆயினும் அதனைச் சூழ்ந்திருப்பது ஏரிகளின் நிலம். காஞ்சிபுரம் வட்டாரத்து நன்னீர்நிலைகளுக்கு ஏற்றவை கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை இனங்கள். கடலைப் பிண்ணாக்கையும் அரிசித் தவிட்டையும் சம அளவில் கலந்து இட்டால் இவை செழித்து வளரும். மாட்டுத் தொழுவத்துக்கு உரிய உணவே இம்மீன்களுக்கும் போதும்.

இங்கிருந்து தென்கிழக்கே, கடற்கரையிலுள்ள முட்டுக்காட்டில் நிலைமை வேறு. 1987இல் சென்னையில் தொடங்கப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுக்களம் அங்குள்ளது. கொடுவா மீனைத் தொட்டியில் வளர்த்து, 1997இல் முட்டையிடச் செய்து குஞ்சு பெற்ற இடம் அதுவே. கொடுவா ஓர் ஊனுண்ணி. சற்றுச் சிறுத்திருந்தால் உடன்பிறந்த குஞ்சையும் விழுங்கிவிடும். அதற்குரிய தீவனத்தில் மீன்தூள் முதலிடம் பெறுகிறது. ஒரு கிலோ மீன்தூள் செய்ய நான்கைந்து கிலோ பச்சை மீன் வேண்டும். அவ்வாறு அரைபடுவன பெரும்பாலும் மத்தி போன்ற சிறுமீன்கள்; எளியோர் வீட்டுக் குழம்புக்கு வர வேண்டியவை. மீன் வளர்த்துக் கடலைக் காப்பதாக எண்ணும்போதே, வளர்ப்பு மீனுக்காகக் கடல்மீன் குறைகிறது.

பெரு நாட்டுக் கடலில் நெத்திலி இனத்தைச் சேர்ந்த அஞ்சோவெட்டா மீன்களே மீன்தூளுக்கு அடிப்படை. 1970இல் ஒரு கோடி டன்னைத் தாண்டிய அதன் பிடிப்பு, மிகைப்பிடிப்பாலும் 1972இன் எல் நினோவாலும் 1973இல் ஏறத்தாழ 20 லட்சம் டன்னாகச் சரிந்தது. உலகின் தீவனத் தொழில் அதிர்ந்து, சோயாவின் விலையும் உடன் ஏறியது.

சோயாப் பிண்ணாக்கில் புரதம் 45 விழுக்காட்டை ஒட்டியுள்ளது. ஆனால் அளவு மட்டும் போதாது. மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் அதில் குறைவு. தனியே சேர்க்க வேண்டும். பச்சைச் சோயாவிலுள்ள டிரிப்சின் தடுப்பான் செரிமானத்தைக் கெடுக்கும். வெப்பம் அதனை அழிக்கும். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கிலோ கொசிபால் என்னும் நஞ்சு உண்டு. வித்துகளில் உள்ள பாஸ்பரசின் பெரும்பகுதி பைட்டேட்டாகப் பூட்டப்பட்டுள்ளது. மீனால் அப்பூட்டைத் திறக்க இயலாது. பாஸ்பரஸ் கழிவோடு வெளியேறிக் குளத்தில் பாசியைப் பெருக்கும். பைட்டேஸ் என்னும் நொதி அதற்குத் திறவுகோல். புளிக்கவைத்தலும் பயன் தரும்; இட்லி மாவை இரவெல்லாம் வைக்கும் அடுக்களைக்கு இது புதிய அறிவன்று.

எளிதில் தீராத சிக்கல் கொழுப்பில் உள்ளது. மீனுக்கே சிறப்பான நீண்ட சங்கிலி ஒமேகா-3 அமிலங்கள் எந்தப் பிண்ணாக்கிலும் இல்லை. கடல்மீனும் அவற்றைத் தானே ஆக்குவது அரிது. நுண்பாசியில் உண்டாகி, அதனை உண்ணும் சிற்றுயிர்கள் வழியே மீனை அடைகின்றன. ஆகவே அப்பாசியையே தொட்டிகளில் வளர்த்து எண்ணெய் எடுக்கின்றனர். அதன் விலை இன்னும் சிறு பண்ணையாளரின் கைக்கு எட்டவில்லை.