ஈறு தெரியும் சிரிப்புக்கு ஊசிச் சிகிச்சை

சிரிக்கும்பொழுது மேல்வரிசைப் பற்களுக்கு மேலே ஈறு சிறிது தெரிவது இயல்பே. அது 3 மில்லிமீட்டரைத் தாண்டி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டே சிரிக்கும் பழக்கத்தையும் உண்டாக்கிவிடுமானால், பரிகாரம் தேடுவதில் குற்றமில்லை. பெங்களூரில் பல் வைத்தியர்களும் சரும வைத்தியர்களும் இதற்காகப் போடுகிற பொட்டுலினம் ஊசி, உதட்டைத் தூக்கும் தசையைத் தற்காலிகமாகத் தளர்த்துமேயன்றி எலும்பையோ ஈறையோ மாற்றாது. ஆகவே, குறை தசையில்தானா என்று நிச்சயிப்பதே சிகிச்சையின் பிரதான பாகம்.

1. காரணத்தை அறிக. கண்ணாடியின் முன் உதட்டைத் தளர்த்தியும், பின்பு வாய்விட்டுச் சிரித்தும் பாருங்கள். முன்பற்கள் குட்டையாக, நீளமும் அகலமும் சமமாகத் தோன்றினால் ஈறு பல்லை மூடியிருக்கக்கூடும். அதற்கு ஈறைச் சீர்செய்வதே வழி. முகத்தின் கீழ்ப்பாகம் நீண்டு, சும்மா இருக்கையிலேயே பற்கள் மிகுதியாகத் தெரிந்தால், அது பெரும்பாலும் மேல்தாடை எலும்பின் விஷயம். பல்லும் தாடையும் அளவாயிருந்து, சிரிக்கையில் மாத்திரம் உதடு மிகையாக ஏறுமானால் ஊசி பலன் தரும். பெங்களூர் விக்டோரியா ஆஸ்பத்திரி வளாகத்திலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஈறு, பல் சீரமைப்பு, தாடை அறுவை ஆகிய துறைகள் ஒருங்கே இருப்பதால், அங்கே அபிப்பிராயம் கேட்பது உசிதம்.

2. தேக நிலையைச் சொல்க. கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற தசைப் பலவீன நோயுள்ளவர்களும் இவ்வூசியைத் தவிர்க்க வேண்டும். உட்கொள்ளும் மருந்துகள் யாவற்றையும், விசேஷமாக ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடுபவற்றை, மறைக்காமல் கூறுங்கள்.

3. மருந்தை விசாரிக்க. குப்பியின் பெயரையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். ஒரு கம்பெனி மருந்தின் யூனிட்டும் மற்றொன்றின் யூனிட்டும் சமமல்ல; போட்ட அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

4. ஊசி போடும் முறை. முதலில் சிரித்த முகத்தைப் படமெடுத்து, தெரியும் ஈறை அளப்பார்கள். நாசி மடலுக்குப் பக்கவாட்டில் சுமார் 1 சென்டிமீட்டரும், உதட்டுக் கோட்டுக்கு மேலே 3 சென்டிமீட்டரும் தள்ளியுள்ள இடத்தில் உதட்டைத் தூக்கும் மூன்று தசைகள் சங்கமிக்கின்றன. கொரியாவின் யோன்செய் சர்வகலாசாலை ஆய்வாளர்கள் குறித்த இடம் அது. வைத்தியர் உங்களைச் சிரிக்கச் சொல்லி, தசை திரள்வதை விரலால் உணர்ந்து, மெல்லிய ஊசியால் இருபுறமும் சில யூனிட்டுகளே செலுத்துவார்.

5. பின்பு செய்ய வேண்டியவை. அன்றைக்கு அவ்விடத்தைத் தேய்க்கவோ, கடுமையாக உடற்பயிற்சி செய்யவோ வேண்டாம். சில தினங்களில் தளர்ச்சி தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும். அப்போது மறுபடி காட்டுங்கள். மருந்து மிகுந்தால் சிரிப்பு ஒருபுறம் கோணும், உதடு நீண்டு தொங்கும், இளநீரைக் குழல் வைத்து உறிஞ்சுவதுகூடச் சிரமமாகும். மருந்தின் வேகம் தணியத் தணிய இவையும் நீங்கும். விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமானால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்க.

பலன் மூன்று முதல் ஆறு மாதம் வரையே நிற்கும். ஆதலால் ஒரு தடவைச் செலவை அல்ல, ஒரு வருஷச் செலவைக் கணக்கிடுங்கள். உங்கள் ஈறு எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது, எக்காரணத்தால் தெரிகிறது என்று சொல்லாத வைத்தியரிடம் முன்பணம் கட்டாதீர்கள்.