உயர்த்திய ஜீப்பும் ஒடிந்த பிடிமானமும்

பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு

முன்னுரை

சுருள்வில்லில் எடையைத் தொங்கவிட்டு அலைவுகளைப் பற்றி வகுப்பறையில் படிக்கின்றோம். எண்ணெய்க்குள் ஆடும் எடையின் வீச்சு படிப்படியாகக் குறைவதைக் கண்டு, ‘தடையுறு அலைவு’ என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுகின்றோம். அதே அலைவு சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டியின் அடியிலும் நடைபெறுகின்றது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கரடுமுரடான பாதைகளுக்கென உயரம் கூட்டப்பட்ட ஜீப்புகளில் பின்புற ஷாக் அப்சார்பரின் பிடிமானம் அடிக்கடி ஒடிவது பட்டறைக்காரர் அனைவரும் அறிந்த செய்தி. அது ஏன் ஒடிகின்றது, ஒடிந்தால் செய்ய வேண்டியது யாது என்பதை நாம் படித்த இயற்பியலைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிடிமானத்தின் பணி

வண்டியின் எடையைத் தாங்குவது கமான் பட்டை அல்லது சுருள்வில். ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்குவதில்லை. வில்லில் எழும் அலைவை அடக்குவதே அதன் வேலை. அதன் உள்ளே ஓர் உந்துதண்டு எண்ணெய்க்குள் மேலும் கீழும் செல்கின்றது. சிறு துளைகளின் வழியே எண்ணெய் நெருக்கிப் பாயும்போது பாகியல் தடை தோன்றி, அலைவின் ஆற்றல் வெப்பமாக மாறுகின்றது. தண்டு எவ்வளவு விரைவாக நகர்கின்றதோ அவ்வளவு தடை மிகும்.

இக்கருவியின் மேல்முனை சேசிஸிலும் கீழ்முனை பின் அச்சிலும் இரும்புப் பிடிமானங்களால் இணைக்கப்பட்டிருக்கும். முனைகளில் ரப்பர் புஷ் உண்டு. வழக்கமான ஓட்டத்தில் பிடிமானத்தின் மீது விழும் விசை சில ஆயிரம் நியூட்டனுக்குள் அடங்கிவிடும். பிடிமானமும் அதற்கேற்றவாறே செய்யப்படுகின்றது. அதைவிடப் பன்மடங்கு விசை விழுந்தால்தான் தொல்லை.

உயர்த்துவதால் நேர்வது

பெரிய டயர் பொருத்துவதற்காகவும், பாறைகளில் அடிபடாமல் செல்வதற்காகவும் வில்லை மாற்றிச் சேசிஸை உயர்த்துகின்றனர். இதனால் சேசிஸுக்கும் அச்சுக்கும் உள்ள தொலைவு கூடுகின்றது. ஆனால் ஷாக் அப்சார்பரின் நீளம் தானாகக் கூடுவதில்லை அல்லவா?

எடுத்துக்காட்டாக, ஒரு ஷாக் அப்சார்பர் முழுதும் நீண்டால் 500 மி.மீ., முழுதும் சுருங்கினால் 320 மி.மீ. எனக் கொள்வோம். வண்டி நிற்கும்போது அதன் நீளம் 400 மி.மீ. அப்போது கீழே நீள 100 மி.மீ. இடமும், மேலே சுருங்க 80 மி.மீ. இடமும் உள்ளன. வண்டியை 75 மி.மீ. உயர்த்தினால் நிற்கும்போதே நீளம் 475 மி.மீ. ஆகிவிடுகின்றது. நீள்வதற்கு எஞ்சிய இடம் 25 மி.மீ. மட்டுமே. சக்கரம் ஒரு குழியில் இறங்கியதும் தண்டு தன் எல்லையை எட்டிவிடும். அதன்பின் அச்சும் சக்கரமும் ஷாக் அப்சார்பரில்தான் தொங்கும். அலைவை அடக்க வந்த கருவி, அச்சைக் கட்டியிழுக்கும் கயிறாகிவிடுகின்றது.

நீளமான ஷாக் அப்சார்பரை வாங்கிப் பொருத்தினாலோ எதிர்ப்புறத் தொல்லை வரும். நீளமானதன் சுருங்கிய அளவும் பெரிதாகவே இருக்கும். மேட்டில் ஏறும்போது, அச்சைத் தடுக்கும் ரப்பர் கட்டை தொடுவதற்கு முன்பே தண்டு அடிமுட்டிவிடும். அப்போது வண்டியின் எடை முழு வேகத்துடன் பிடிமானத்தின் மேல் சம்மட்டியைப் போல் இறங்கும்.

ஒரு சிறு கணக்கு

குழியில் இறங்கும் ஒரு பக்கத்துச் சக்கரமும் அச்சின் பாதியும் சேர்ந்து 80 கி.கி. என்றும், தண்டு எல்லையை எட்டும்போது அவற்றின் வேகம் வினாடிக்கு 1.5 மீட்டர் என்றும் கொள்வோம். ரப்பர் புஷ் அமுங்கி அவற்றை 5 மி.மீ. தொலைவுக்குள் நிறுத்துகின்றது. இயக்க ஆற்றல் 90 ஜூல். அதை 0.005 மீட்டரால் வகுத்தால் சராசரி விசை 18,000 நியூட்டன். அதாவது சுமார் 1,800 கிலோகிராம் பொருளின் எடைக்குச் சமம்! ஒரு முழு ஜீப்பையே அந்தச் சிறு இரும்புத் துண்டில் கணநேரம் தொங்கவிட்டதற்கு ஒப்பாகும் இது. இவை நாமே எடுத்துக்கொண்ட அளவுகள்தாம். எனினும் நிற்கும் தொலைவு குறையக் குறைய விசை எவ்வாறு பெருகுகின்றது என்பது இதனால் விளங்கும்.

சாய்வும் வளைவும்

சில வண்டிகளில் இடம் போதாமல் ஷாக் அப்சார்பரைச் சாய்த்துப் பொருத்துகின்றனர். சாய்வுக் கோணத்தின் கொசைனை இருமுறை பெருக்கினால் கிடைப்பதே மிஞ்சும் பயன். தண்டின் வேகம் ஒருமுறை குறைகின்றது, விசையின் செங்குத்துக் கூறு மறுமுறை குறைகின்றது. 30 பாகை சாய்ந்தால் முக்கால் பங்கும், 45 பாகை சாய்ந்தால் பாதியும்தான் எஞ்சும். அலைவு சரிவர அடங்காததால் தண்டு எல்லையில் மோதுவதும் மிகுதியாகின்றது.

வேறொன்றும் உண்டு. போல்ட்டின் இரு முனைகளையும் பிடிக்கும் கவைப் பிடிமானத்தில் போல்ட் வெட்டு விசையை மட்டுமே பெரிதும் தாங்குகின்றது. ஒரு முனையை மட்டும் பிடித்து மறுமுனை நீட்டிக்கொண்டிருந்தால் அது நாம் ஆய்வகத்தில் காணும் ஒருமுனை பொருத்திய சட்டம் ஆகின்றது. அதன் அடியில் வளைவுத் தகைவு மிகும். உருளைத் தண்டில் இத்தகைவு விட்டத்தின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், 12 மி.மீ. போல்ட்டுக்குப் பதில் 16 மி.மீ. போட்டால் தாங்கும் திறன் சுமார் 2.4 மடங்காகும். ஆனால் அதைப் பிடிக்கும் தகடு பழையதாகவே இருந்தால் போல்ட் பிழைத்துத் தகடு கிழியும்.

உலோகக் களைப்பு

ஒரே அடியில் ஒடியும் பிடிமானங்கள் குறைவு. பெரும்பாலானவை நாள்பட்ட விரிசலால் ஒடிபவை. 1842ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் பிரான்சில் வெர்சேல்ஸிலிருந்து பாரிஸ் சென்ற இரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் இரயில் அச்சுகள் முறிவதை ஆராய்ந்த ராங்கின் என்னும் அறிஞர், விட்டம் திடீரென மாறும் மூலைகளிலேயே விரிசல் தொடங்குவதை 1843இல் எடுத்துக்காட்டி, அவற்றை வளைவாக அமைக்க வேண்டும் என்றார். ஜெர்மானியப் பொறியாளர் வோலர் பின்னர் பல ஆண்டுகள் சோதனை செய்து, ஒருமுறை தாங்கக்கூடிய தகைவையே பல இலட்சம் முறை தந்தால் இரும்பு முறியும் என்பதை நிலைநாட்டினார்.

மூலை ஏன் கேடு செய்கின்றது? 1913இல் இங்கிலிஸ் என்பவர் இதற்குக் கணக்கு தந்தார். இழுக்கப்படும் அகன்ற தகட்டில் வட்டத் துளை இருந்தால் அதன் ஓரத்தில் தகைவு 3 மடங்காகும். இழுப்புக்குக் குறுக்கே, அகலத்தைப் போல் 10 மடங்கு நீளமுள்ள நீள்வட்டத் துளை இருந்தால் முனையில் 21 மடங்காகும். விரிசலின் முனையோ அதனினும் கூரியது.

என் தந்தையார் ஒரு பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்பவர். அவருடைய பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்தவன் நானே முதல்வன். அவர் ஜீப்புக்கு ஒட்டுத்தகடு வெட்டும்போதெல்லாம் நான்கு மூலைகளையும் அரைத்து உருட்டிய பின்னரே பற்றவைப்பார். காரணம் கேட்டதற்கு, “மூலைய விட்டா அங்கிட்டுத்தான்ப்பா கிழியும். துணி கிழியுற மாதிரிதான்” என்றார். ராங்கின் சொன்னதும் இங்கிலிஸ் கணக்கிட்டதும் இதுவே. இங்கிலிஸின் கணக்கை நான் அவருக்குப் படித்துக் காட்டியபோது, “21 மடங்கா?” என்று கேட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். தம் கை அறிந்திருந்ததற்கு ஓர் எண் கிடைத்ததில் அவருக்கு மகிழ்ச்சி என்றே எண்ணுகின்றேன்.

அலைச் சாலைகள்

பிடிமானங்களுக்குப் பெருஞ்சோதனை ஆஸ்திரேலியாவின் மண் சாலைகள். மேற்கு ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் உள்ள கிப் ஆற்றுச் சாலை சுமார் 660 கிலோமீட்டர் நீளமுடையது. கால்நடைகளைத் துறைமுகங்களுக்குக் கொண்டுசெல்ல 1960களில் அமைக்கப்பட்டது. இத்தகைய சாலைகளில் துணி துவைக்கும் பலகையைப் போல் குறுக்கு வரிகள் தோன்றுகின்றன. இவ்வரிகள் தோன்றும் விதத்தைக் கீத் மாதர் மணலில் சக்கரத்தைச் சுழலவிட்டு ஆராய்ந்து 1963இல் எழுதினார். 2007இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, வேகம் ஒரு வரம்பைக் கடந்தால் வில்லில்லாத சக்கரமும் இவ்வரிகளை உண்டாக்கும் என்று காட்டிற்று.

வரிகளின் இடைவெளி 75 செ.மீ. என்றும், வண்டியின் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் என்றும் கொண்டால், ஒரு மணி நேரத்தில் சக்கரம் 80,000 மேடுகளைக் கடக்கின்றது. வினாடிக்கு 22 அதிர்வுகள். சக்கரமும் அச்சும் கொண்ட தொகுதியின் இயல்பு அதிர்வெண் பொதுவாக வினாடிக்கு 10 முதல் 15 வரை இருக்கும். ஆகவே 30 கிலோமீட்டர் வேகத்தில், வினாடிக்கு 11 அதிர்வுகளில், ஒத்ததிர்வு ஏற்பட்டு வண்டி உலுக்கி எடுக்கின்றது. வேகத்தைக் கூட்டினால் ஒத்ததிர்வைத் தாண்டி வண்டி வழுக்கிச் செல்வதுபோல் தோன்றும். ஓட்டுநர் நிம்மதி அடைகின்றார். ஆனால் டயரின் பிடி குறைகின்றது, எண்ணெய் சூடேறி நுரைத்துத் தடை குன்றுகின்றது, பிடிமானமோ மணிக்கு 80,000 முறை எண்ணிக்கொண்டிருக்கின்றது.

பழுது நீக்கும் முறை

ஒடிந்த துண்டை அப்படியே மீண்டும் ஒட்டுவது பயன் தராது. காரணம் நீங்காவிடில் மறுபடியும் ஒடியும். முதலில் வண்டியைத் தாங்குக் கட்டைகளில் பத்திரமாக நிறுத்தி, அச்சை முழுதும் கீழே தொங்கவிட்டும், முழுதும் மேலே தூக்கி ரப்பர் கட்டை அமுங்கும் வரை கொண்டுவந்தும், பிடிமானங்களுக்கு இடையே உள்ள தொலைவை அளக்க வேண்டும். ஒரு சக்கரம் மேலும் மற்றது கீழுமாக இருக்கும் நிலையையும் அளத்தல் நலம். முழுதும் நீண்ட ஷாக் அப்சார்பர் முதல் அளவைவிடச் சற்று நீளமாகவும், முழுதும் சுருங்கியது இரண்டாம் அளவைவிடச் சற்றுக் குட்டையாகவும் இருத்தல் வேண்டும். இருபுறமும் 25 மி.மீ. அளவு இடைவெளி விடுவது நல்லது. அவ்வாறு அமையாவிட்டால் கீழ்நோக்கிய ஓட்டத்தை நிறுத்த அச்சுக்கும் சேசிஸுக்கும் இடையே வார்ப்பட்டை கட்டலாம். மேல்நோக்கிய ஓட்டத்தை நிறுத்த ரப்பர் கட்டையின் உயரத்தைக் கூட்டலாம்.

அடுத்தது பற்றவைப்பு. ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட வேண்டும். பேட்டரி இணைப்பை நீக்க வேண்டும். பின்புறம் பெட்ரோல் அல்லது டீசல் தொட்டியும், அச்சின் மேல் பிரேக் குழாயும் இருப்பதை மறத்தலாகாது. அவற்றை அகற்றாமல் நெருப்பை அருகே கொண்டுசெல்வது உயிருக்கு உலை வைக்கும். வண்ணத்தையும் துருவையும் நீக்கி விரிசல் முடியும் இடத்தைக் கண்டறிந்து, அங்கே சிறு துளை இடுவர். கூரிய முனை வட்டமாவதால் தகைவு குறையும் என்பது இங்கிலிஸ் கணக்கிலிருந்தே பெறப்படும். பின்னர் விரிசலைப் பள்ளமாக அரைத்து நிரப்ப வேண்டும். புதுப் பிடிமானத்தை மெல்லிய சேசிஸில் நேரடியாக ஒட்டாமல், மூலை உருட்டிய அகன்ற தகட்டின் மேல் ஒட்டினால் விசை பரவும். அச்சுக் கூட்டில் ஒரே மூச்சில் நீளமாகப் பற்றவைத்தால் வெப்பத்தால் அது வளையும். சிறிது சிறிதாக, இடம் மாற்றி வைப்பதே முறை. மறுபக்கத்துப் பிடிமானத்தையும் பார்க்க வேண்டும். ஒரே எண்ணிக்கை அதிர்வுகளைத் தாங்கிய இரட்டையர் அவர்கள்.

வழியில் ஒடிந்தால் ஷாக் அப்சார்பரைக் கழற்றி வண்டியில் ஏற்றிவிட வேண்டும். ஆடிக்கொண்டிருக்கும் அது பிரேக் குழாயை அறுக்கக்கூடும். பின்னர் சுமையைக் குறைத்து, கரடான பாதையில் மணிக்கு 15 கிலோமீட்டர் அளவில் ஊர்ந்து செல்வதே அறிவுடைமை.

நம் மலைச்சாலைகளில்

ஆஸ்திரேலியப் பாலைக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். போடிநாயக்கனூர்ப் பகுதியிலிருந்து கேரள மலைகளின் ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளர் ஜீப்பில் ஏறிச் செல்கின்றனர். சுமை தாங்குவதற்காகக் கமான் கட்டில் பட்டை கூட்டினால் வண்டியின் பின்புறம் உயர்கின்றது. அழகுக்காக உயர்த்தினாலும் சுமைக்காக உயர்த்தினாலும் ஷாக் அப்சார்பருக்கு வேறுபாடு தெரியாது. நீளும் இடம் அதேபோல் குறைந்துவிடும். ஒரு பக்கம் பிடிமானம் ஒடிந்த வண்டி வளைவில் பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரம் துள்ளும். பக்கத்தில் பள்ளத்தாக்கு. உள்ளே இருப்போர் கூலிக்குப் போகும் தாய்மார்கள்.

பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதற்கு 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் கட்டுப்பாடு விதித்திருப்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

முடிவுரை

ஒடிந்த பிடிமானம் தானே குற்றவாளி அன்று. நீளக் கணக்கில் நேர்ந்த பிழையை அது காட்டிக்கொடுக்கின்றது. ஒரு கைவிளக்கும் கம்பித் தூரிகையும் அளவு நாடாவும் இருந்தால் அப்பிழையை ஒடிவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். மழைக்காலம் முடிந்ததும் வண்டியின் அடியில் ஒருமுறை படுத்துப் பார்த்து, பற்றவைப்பின் ஓரத்தில் துருவின் மெல்லிய செங்கோடு தெரிகின்றதா எனத் தேடுவதற்குக் கால் மணி நேரம் போதும். விரிசல் அங்கேதான் தொடங்கும். நம் தோழர்களில் ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைகள் பலர் உண்டு. தடையுறு அலைவைப் படித்த நாம், அடுத்த விடுமுறையில் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் அடியிலும் அதைத் தேடிப் பார்ப்போமாக.